பார்த்ததை எழுது

பொன்விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தாளாளர் ஞானாபரணம் ஒரு கோப்போடு வேதியியல் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வழக்கமாக அவர் யாரையும் தேடிப் போகிறவர் இல்லை. பியூனை அனுப்பிக் கூப்பிடுகிறவர்.

"ஹெப்சிபா டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க."

ஹெப்சிபா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மேலட்டையில் 'விசுவாசப் பார்வையில் வேதியியல்' என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பைபிள் வசனம். உப்புக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று. கடைசிப் பக்கத்தில் படத்தோடு ஒரு செய்முறை. கண்ணாடிக் குவளையின் அடியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டுவைக்க வேண்டும். ஜாடியில் பார்வைக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும் காரக் கரைசல். ஜாடியைக் குவளையில் சாய்த்தால் சட்டென்று ரோஜா நிறம் எழும்பும். தலைப்பு: தண்ணீர் திராட்சரசமாகிறது.

"பேராயர் வர்றார். வெளியூர்ச் சபைத் தலைவர்கள் ஆறு பேர் வர்றாங்க. மத்த பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்னு அவங்க கண்ணால பார்க்கணும். மாதிரி வகுப்பு உங்களோடது. கடைசியில இந்தத் திராட்சரசம். கைதட்டல் நிக்கவே நிக்காது, பாருங்க."

ஹெப்சிபா கோப்பை மூடினாள்.

"வகுப்பு எடுக்குறேன் ஐயா. இது மட்டும் செய்ய மாட்டேன்."

"ஏன்?"

"கானாவூர்க் கல்யாணத்துல இயேசு தண்ணியைத் திராட்சரசமாக்கினது அற்புதம்னு நான் நம்புறேன். இது வெறும் காரத்துல விட்ட நிறங்காட்டி. ரெண்டும் ஒண்ணுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டிட்டு, அடுத்த வாரமே இது இப்படித்தான்னு பாடத்துல நான் சொல்லிக் குடுக்கணும். அப்புறம் அவங்க அதையும் நம்ப மாட்டாங்க, என்னையும் நம்ப மாட்டாங்க."

ஞானாபரணத்தின் முகம் சுருங்கியது. அவர் கெட்டவர் இல்லை. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பதாகை ஏரிக்கு அருகே இரண்டு தகரக் கொட்டகையாக இருந்த பள்ளியை மூன்று மாடிக்கு உயர்த்தியவர். ஆனால் அவரிடம் யாரும் 'மாட்டேன்' என்று சொல்லி நாளாகியிருந்தது.

"அப்ப எதைக் காட்டுவீங்க? வசனமும் வேண்டாம், இதுவும் வேண்டாம்னா எதுல இருக்கு உங்க விசுவாசம்?"

"இன்னும் யோசிக்கல ஐயா. ஆனா காட்டுறேன்."

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது. பதினாறு வருடமாக அவள் அதே கேள்வியோடுதான் அந்த ஆய்வகத்தின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். அப்பா தெற்கேயிருந்து ஆவடி ராணுவத் தொழிற்சாலைக்குப் பிழைக்க வந்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து, அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவரையே கட்டி, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள் அவள். பொருளைப் படைத்தவர் பொய் சொல்லாதவர் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆகவே பொருளும் பொய் சொல்லாது. அதைப் பார்த்துவிட்டு மாற்றி எழுதுகிற மனிதன்தான் பொய் சொல்கிறான். இதை மேடையில் எப்படிக் காட்டுவது?

வகுப்பில் இது ஒரே ஒரு கட்டளையாகச் சுருங்கியிருந்தது. "பார்த்ததை எழுது." பிள்ளைகள் அதை அவள் குரலிலேயே சொல்லிக் கேலி செய்வார்கள். ஏனென்றால் செய்முறைத் தேர்வு வந்தால் எந்தப் புட்டியில் என்ன உப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது பல இடங்களில் நடக்கிற சங்கதி. இவள் சொல்லவே மாட்டாள். பெற்றோர் வந்து கேட்டுப் பார்த்தார்கள். ஞானாபரணம்கூட ஒருமுறை ஜாடையாகக் கேட்டார். அவள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு. அன்று எல்லாருக்கும் பேரியம் குளோரைடு. மூத்த மாணவர்கள் விட்டுப்போன பட்டியலை வைத்துப் பாதிப் பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது அவர்கள் எழுதும் வேகத்திலேயே தெரிந்தது. ஃபிசா மட்டும் சோதனைக்குழாயைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். அப்பா நஜீர் பிளம்பர்.

"என்ன ஃபிசா?"

"அம்மோனியம் வந்திருக்கு மிஸ். நெஸ்லர் காரணி விட்டேன், பழுப்பா வருது."

பக்கத்து மேசையில் அஸ்வின் சிரித்தான். "பேரியம் குளோரைடுல அம்மோனியமா? நீ புது உப்பே கண்டுபிடிச்சிட்டே போ."

வகுப்பே சிரித்தது. ஃபிசா முகம் சிவக்க நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 'பழுப்பு நிறம் தோன்றுகிறது' என்று எழுதியிருந்தது. அடித்துத் திருத்தியிருக்கவில்லை.

ஹெப்சிபா அஸ்வினின் நோட்டை எடுத்துப் பார்த்தாள். 'மாற்றம் இல்லை' என்று இருந்தது. அவனுடைய சோதனைக்குழாய் தாங்கியில் அப்படியே நின்றது. அதிலும் அதே பழுப்பு.

"அஸ்வின், இது என்ன நிறம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "வரக்கூடாதுன்னு தெரியும் மிஸ். அதான்..."

"வரக்கூடாதுன்னு தெரிஞ்சா, வந்தது இல்லாமப் போயிடுமா?"

அவளே புதிதாக ஒரு குழாயைக் கழுவி, உப்பைக் கரைத்து, அம்மோனியம் இருந்தால் பழுப்பாகிற அந்தக் காரணியை விட்டாள். மீண்டும் அதே நிறம். உப்புப் புட்டியில் கலப்படமோ என்று வேறு புட்டியைத் திறந்து பார்த்தாள். அதிலும் அதே நிறம். அப்போதுதான் உப்பே போடாமல் வெறும் தண்ணீரில் விட்டுப் பார்க்கத் தோன்றியது. மஞ்சளாகத் தொடங்கிப் பழுப்பாக இறங்கியது.

"வேம்புலி, இன்னைக்கு டிஸ்டில்டு வாட்டர் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

ஆய்வக உதவியாளர் வேம்புலி முத்தாபுதுப்பேட்டைக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"கேன் காலியாயிட்ச்சி மிஸ்ஸு. பெரிய ஐயா கைல ரெண்டு தபா சொன்னேன், வர்ல. அதான் கீயே டேங்கு பைப்புல புட்ச்சிகினு வந்தேன். இன்னா, தப்பாயிட்ச்சா?"

கீழே இருந்த தொட்டி. பள்ளி முழுக்க இடைவேளையில் வாய் வைத்துக் குடிக்கிற தொட்டி.

ஹெப்சிபா வகுப்பை முடித்து அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொட்டு நிறத்தை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் குற்றம் சொல்லிவிட முடியாது. கடினத்தன்மை உள்ள தண்ணீரிலும் அந்தக் காரணி கலங்கி ஏமாற்றும். அதைத் தடுக்கிற உப்பைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மறுபடி செய்தாள். வேம்புலி வீட்டு போர்வெல் தண்ணீர், தன் குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணீர், கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரான வாலை வடிநீர், பள்ளித் தொட்டித் தண்ணீர், நான்கையும் வரிசையாக வைத்தாள். மூன்று தெளிந்து நின்றன. நான்காவது மட்டும் பழுப்பேறியது. குடிதண்ணீரில் அந்த அளவுக்கு அம்மோனியா இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை. எங்கோ கழிவுநீர் கலக்கிறது. அன்றே ஒரு மாதிரியை வெளியே தண்ணீர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். முடிவு வர ஒரு வாரம் என்றார்கள்.

பிறகு வருகைப் பதிவேடுகளைப் புரட்டினாள். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் ஒரு மாதமாக விடுப்பு அதிகம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், இரண்டு மஞ்சள் காமாலை. சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியைகள் 'சீசன்' என்று பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவளும் அப்போது தலையாட்டியிருந்தாள். அது இப்போது அவளைச் சுட்டது.

திங்கட்கிழமை காலை ஞானாபரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பொன்விழா முடியட்டும் டீச்சர். அடுத்த வாரமே ஆள் வச்சுப் பார்த்துடலாம்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க குடிப்பாங்களே ஐயா."

"இத்தனை நாள் குடிக்கலையா? ஒரு கலர் வந்துச்சுன்னு பந்தல் போடுற நேரத்துல தொட்டியை மூடுவாங்களா? ஜெபம் பண்ணுங்க. நானும் பண்றேன்."

"பண்றேன் ஐயா" என்றாள் ஹெப்சிபா. வெளியே வந்து, ஒரு அட்டையில் 'இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்' என்று எழுதி, கீழே தன் பெயரையும் தேதியையும் போட்டு, தொட்டிக் குழாயில் கட்டினாள். இரண்டாவது பீரியட் முடிவதற்குள் அட்டை காணாமல் போனது. அவள் இன்னொன்று எழுதிக் கட்டினாள். இடைவேளையில் தொட்டியின் முன்னால் தானே போய் நின்றுகொண்டாள்.

"தள்ளுங்க மிஸ், தாகமா இருக்கு."

"வீட்லேர்ந்து கொண்டு வந்ததைக் குடி. இல்லேன்னா மேல லேப்ல கேன் வச்சிருக்கேன், வா."

பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். மாடியிலிருந்து ஆசிரியர்களும் வேடிக்கை பார்த்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை. வெயில் நடுமண்டையில் இறங்கியது. தான் முட்டாள்தனமாக நிற்கிறோமோ என்று ஒருமுறை தோன்றியது. நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அனுப்பாமல் ஃபிசாவைத் தானே இறக்கிவிட வந்த நஜீர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மகள் சொல்லியிருக்கிறாள். தொட்டியைச் சுற்றி வந்தார், தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற நிலத்தடிச் சம்ப்பின் இரும்பு மூடியைக் காலால் தட்டிப் பார்த்தார், நெம்பித் தூக்கிக் குனிந்தார்.

"மிஸ், இத்தப் பாருங்கோ. சம்ப்பு இங்க கீது. செப்டிக் டேங்கு அந்தா, ஆறடி கூட இல்ல. செவுரு வெடிச்சிகினு கீது. போன மயைல ஏரி ரொம்பிச்சில்ல, அப்பவே கலந்துகினு இருக்கும்." நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார். "எம் பொண்ணு கரீட்டா சொல்லிச்சி."

இதை யாரோ படம் பிடித்தார்கள். அட்டையும் சேர்ந்து பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஹெப்சிபாவைத் தாளாளர் அறைக்கு அழைத்தார்கள். மேசையில் தட்டச்சு செய்த ஒரு கடிதம் இருந்தது.

"கையெழுத்துப் போடுங்க. நான் பெத்தவங்க குழுவுக்கு அனுப்பிடுறேன்."

அவள் படித்தாள். பழைய காரணியைப் பயன்படுத்தியதால் சோதனையில் தவறான முடிவு கிடைத்தது என்றும், தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை என்றும், ஏற்பட்ட மனவருத்தத்துக்கு ஆய்வகப் பொறுப்பாளர் என்ற முறையில் வருந்துவதாகவும் இருந்தது.

"இது உண்மை இல்லீங்களே ஐயா."

"டீச்சர், ஐம்பது வருஷம் ஆச்சு இந்த ஸ்தாபனம். ஒரே ஒரு கையெழுத்து. நான் அமைதியா எல்லாத்தையும் சரி பண்ணிடுவேன். உங்க மேல எந்த நடவடிக்கையும் வராது, நான் பொறுப்பு."

"பொய்ச்சாட்சி சொல்லக்கூடாதுன்னு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க ஐயா. எனக்கு அப்ப ஒன்பது வயசு."

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். மின்விசிறிக் காற்றில் கடிதத்தின் ஓரம் படபடத்தது.

"விசுவாசப் பார்வையில கெமிஸ்ட்ரி எங்கேன்னு கேட்டீங்க. என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான். கண்ணால பார்த்ததை இல்லேன்னு எழுத மாட்டேன். பிள்ளைங்களையும் எழுத விட மாட்டேன். வேலையை விட்டு எடுக்கணும்னா எடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் லேபுக்கு வாங்க. காரணி பழசா புதுசான்னு நீங்களே பார்த்துக்கலாம்."

அவர் வருவார் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் அவர் எழுந்தார். ஒருவேளை அவளைத் தப்பென்று நிரூபித்துவிட முடியும் என்று நம்பியிருக்கலாம். அப்படித்தான் பிறகு அவரே சொன்னார்.

ஆய்வகத்தில் வேம்புலி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த புதுப் புட்டியின் முத்திரையை உடைத்தார். ஹெப்சிபா இரண்டு சோதனைக்குழாய்களை வைத்தாள். ஒன்றில் வாலை வடிநீர். மற்றதில் தொட்டித் தண்ணீர். அதைப் பிடித்துவரத் தாளாளரையே கீழே அனுப்பினாள். மூச்சு வாங்க மாடியேறி வந்தவரிடம் கையுறையும் சொட்டுக்குழாயும் கொடுத்தாள்.

"நான் தொட மாட்டேன். நீங்களே விடுங்க. இது பாதரசம் சேர்ந்த மருந்து, கைல படாமப் பார்த்துக்குங்க. அஞ்சு சொட்டு போதும்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். முதல் குழாயில் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. அவர் முகத்தில் சின்ன நிம்மதி தெரிந்தது. இரண்டாவதில் விட்டார். ஒன்று, இரண்டு. மூன்றாவது சொட்டுக்கே மஞ்சள் சுருள் சுருளாக இறங்கியது. ஐந்தாவதில் குழாய் முழுவதும் பழுப்பாகிவிட்டது.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வேம்புலி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹெப்சிபா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என் பேத்தி ஆறாங்கிளாஸ்ல இருக்கா" என்றார் ஞானாபரணம். "ரெண்டு வாரமா வயித்து வலின்னு சொல்லிக்கிட்டே இருக்கா. பள்ளிக்கூடம் வராம ஏமாத்துறான்னு நேத்து அதட்டினேன்."

இடைவேளை மணி அடித்தது. கீழே நூற்றுக்கணக்கான கால்கள் படியிறங்கும் சத்தம்.

அவர் குழாயைத் தாங்கியில் வைத்தார். கையுறையைக் கழற்ற மறந்து, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார். ஹெப்சிபா ஜன்னலில் இருந்து பார்த்தாள். அவர் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போய்த் தொட்டியின் வால்வை இரண்டு கையாலும் முறுக்கி மூடினார். அது துருப்பிடித்திருந்தது. நஜீர் இருந்திருந்தால் ஒரே திருகில் முடித்திருப்பார். அவருக்கு நாலைந்து முறை தேவைப்பட்டது.

அதற்குப் பிறகும் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. தொட்டியை மூடியதற்குக் காரணம் 'பராமரிப்புப் பணி' என்று அறிவிப்புப் பலகையில் எழுதப் பார்த்தார்கள். ஹெப்சிபா மறுபடியும் தாளாளர் அறையில் போய் உட்கார்ந்தாள். நோயில் கிடக்கிற பிள்ளைகளின் டாக்டருக்கு விஷயம் தெரிய வேண்டும், அதனால் பெற்றோருக்கு உண்மையை எழுதியே தீர வேண்டும் என்றாள். ஞானாபரணம் ஒருநாள் முழுக்க யோசித்து, தன் கையெழுத்திலேயே கடிதம் அனுப்பினார். சிலர் வாசலில் வந்து கத்தினார்கள். பதினொரு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். தலைமை ஆசிரியர் வெகுநாள் அவளோடு பேசவில்லை. ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு அடங்கியது. ஆய்வுக்கூடத்தின் முடிவு வந்தபோது, கழிவுநீர் கலந்திருப்பதாக அதில் இருந்ததைப் படித்துவிட்டு ஓரிருவர் மட்டும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

பொன்விழா நடந்தது. நஜீர் இன்னும் இரண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பழைய சம்ப்பை இடித்துக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில்தான் நடந்தது. மாதிரி வகுப்பை ரத்து செய்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தபோது, "வேண்டாம், அவங்களே நடத்தட்டும்" என்று சொன்னவர் ஞானாபரணம்தான்.

ஹெப்சிபா மேடையில் மேசை போட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை வரிசையாக வைத்தாள். கோவில்பதாகை, வேலப்பன்சாவடி, பூந்தமல்லி என்று புட்டிகளில் பெயர் எழுதியிருந்தது. ஜெபம் செய்தாள். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சோதித்து, தாங்கள் பார்த்ததைப் பலகையில் எழுதினார்கள். அஸ்வின் தன் வீட்டுத் தண்ணீருக்கு 'லேசான மஞ்சள்' என்று எழுதிவிட்டுச் சபையைத் திரும்பிப் பார்த்தான். வருத்தமாகத்தான் எழுதினான். ஆனால் எழுதினான்.

பேராயர் முன்வரிசையிலிருந்து கேட்டார். "நல்ல வகுப்பு. ஆனா இதுல தேவன் எங்கே வர்றார், அம்மா?"

ஹெப்சிபா பதில் சொல்வதற்குள் ஃபிசா கையைத் தூக்கினாள். பேராயர் தலையசைத்தார்.

"நான் முஸ்லிம்ங்க ஐயா. எனக்கு உங்க வசனமெல்லாம் அவ்வளவா தெரியாது. ஆனா அன்னைக்கு லேப்ல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அடிச்சுட்டு வேற எழுதலாம்னுதான் நெனைச்சேன். ஆண்டவன் பார்த்துக்கிட்டு இருக்கான்னு தோணுச்சு. அதனால அடிக்கல."

பேராயர் அவள் பெயரைக் கேட்டார். பிறகு தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். கைதட்டல் பெரிதாக ஒன்றும் எழவில்லை. பின்வரிசையில் பெற்றோர் சிலர் எழுந்து நின்று, எங்கள் தெருத் தண்ணீரையும் பார்ப்பீர்களா என்று கேட்டார்கள். விழா நிகழ்ச்சி அதோடு அரைமணி நேரம் தாமதமானது.

மாதம் ஒன்று கழித்து ஒரு சனிக்கிழமை. ஆய்வக வாசலில் புட்டிகளோடு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேம்புலி பயன்படுத்திய மருந்தைத் தனி ஜாடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில் ஞானாபரணம் நின்றார். கையில் ஒரு பழைய ஜூஸ் பாட்டிலில் தன் வீட்டுத் தண்ணீர்.

வேம்புலி பதறிப்போய் நாற்காலி எடுத்துக்கொண்டு ஓடினார். "இன்னா பெரிய ஐயா நீங்க போய் நின்னுகினு? முன்னால வாங்கோ."

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தாள்.

"உட்காருங்க ஐயா. உங்களுக்கு முன்னாடி ஒன்பது பேர் இருக்காங்க" என்றாள். "பாட்டில் மேல பேரும் தேதியும் எழுதிடுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.